போலிப் பெயரைத் துரத்தும்போது கடைக்காரர்கள் செய்யும் தவறுகள்

‘எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது’, ‘போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்’ என்ற பலகை இல்லாத கடைத்தெருவை மதுரையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் போட்டிக் கடை முளைத்தால் அந்தப் பலகை ஓரளவு உதவும். இன்ஸ்டாகிராமில் உங்கள் பெயரில் ஒருவர் ஆர்டர் எடுத்தால் அதை யார் நிமிர்ந்து பார்க்கப்போகிறார்கள்?

விளக்குத்தூண் பக்கம் ஒரு சுங்குடிக் கடை என்று வைத்துக்கொள்வோம். “போன வாரம் உங்கள் பக்கத்தில் வாங்கிய சேலை முதல் அலசலிலேயே வெளுத்துவிட்டது” என்று ஒரு வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார். அந்தப் பக்கம் இந்தக் கடையுடையதே இல்லை. உடனே முதலாளி அதில் இருக்கும் எண்ணை அழைத்து ஒரு பிடி பிடிக்கிறார். முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். போனை வைத்த சற்று நேரத்தில் அந்தப் பக்கத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறிவிடும், படங்கள் காணாமல் போகும். அதன் பிறகு எதைக் காட்டி வழக்குப் பேசுவது?

கோபத்தை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். பக்கத்தின் முழு இணைய முகவரி, தேதி, தொலைபேசி எண் எல்லாம் தெரியும்படி திரையைப் படம் எடுங்கள். சிம்மக்கல்லில் இருக்கும் மைத்துனர் பெயரில் ஒரு சேலைக்கு ஆர்டர் போடுங்கள். பணம் செலுத்தும்போது திரையில் வரும் பெயர், பார்சல் உறையில் உள்ள அனுப்புநர் முகவரி, உள்ளே பில் இருந்தால் அதிலுள்ள ஜிஎஸ்டி எண் ஆகிய மூன்றும் சேர்ந்தால் எதிரில் இருப்பவர் யார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். உறையைக் கிழித்து எறியாதீர்கள். படம் எடுத்த போனையும் மாற்றிவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்தோடு, அதை எடுத்த கருவியைப் பற்றிய சான்றிதழும் கேட்பார்கள்.

அடுத்தது, பெயர் முழுவதும் நமக்கே சொந்தம் என்ற நினைப்பு. ‘மதுரை’ ஊரின் பெயர், ‘சுங்குடி’ சரக்கின் பெயர். மதுரை சுங்குடிக்கு 2005இல், மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த உரிமை எந்தத் தனிக் கடைக்கும் உரியது அல்ல. ‘மீனாட்சி’ என்ற பெயரை வைத்துக்கொண்டு இந்த ஊரில் வழக்குக்குப் போவது பற்றி நான் சொல்லவே வேண்டாம். உங்கள் பெயரில் உங்களை மட்டும் காட்டும் பகுதி எது என்று பார்த்து, அதன் மேல் நில்லுங்கள்.

ஜிஎஸ்டி பதிவு, உத்யம் சான்றிதழ், உணவுக் கடை என்றால் அதற்கான உரிமம் என எல்லாம் அந்தப் பெயரில்தான் இருக்கின்றன என்று கோப்பைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் நிறைய. அவை எதுவும் பெயருக்கு உரிமை தராது. உரிமையை நிலைநாட்ட எளிய வழி வணிகச் சின்னப் பதிவு, அதாவது டிரேட்மார்க். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்கு (சரக்கு அல்லது சேவையின் வகைக்கு) 4,500 ரூபாய் கட்டணம். சிறு நிறுவனம் என்று காட்டத்தான் உத்யம் சான்றிதழ் பயன்படும். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பம் போட்டதுமே வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட குறியைப் பெயர்ப் பலகையில் வரைந்துவிடாதீர்கள். பதிவு முடியும் முன் அதைப் போடுவது சட்டத்துக்குப் புறம்பு.

பதிவு இல்லாதவர்கள் கைகழுவிவிட வேண்டியதில்லை. தன் சரக்கை உங்கள் சரக்கு என்று நம்பவைத்து விற்கிறார் என்ற அடிப்படையில் வழக்குப் போட 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்தப் பெயரை நீங்கள் முதலில் பயன்படுத்தினீர்கள், அதை மக்கள் அறிவார்கள் என்று காட்ட வேண்டும். பழைய பில் புத்தகம், ஆண்டு அச்சிட்ட தினசரி நாட்காட்டி, தீபாவளி நோட்டீஸ், கடை பெயர் போட்ட மஞ்சள் பை எல்லாம் சாட்சிதான். பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று பழைய நாட்காட்டிகளை எடைக்குப் போட்டுவிட்டு, பின்னால் வக்கீல் முன் கையைப் பிசைவது வேண்டாம்.

பழிக்குப் பழி வாங்கும் தவறு ஒன்று உண்டு. சொந்தபந்தம் அத்தனை பேரையும் திரட்டி, எதிராளியின் கூகுள் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம் போடச் சொல்வது. அவை போலி விமர்சனம் என்று நீக்கப்படலாம், கெட்ட பெயர் உங்களுக்கு. முகநூலில் ‘திருடன்’ என்று எழுதினால் அவதூறு வழக்கு அவர் கைக்குப் போகும். ஆதாரமில்லாமல் நோட்டீஸ் விட்டு மிரட்டினாலும் வணிகச் சின்னச் சட்டத்தின் 142ஆம் பிரிவின் கீழ் அவரே உங்கள் மேல் வழக்குப் போடலாம். கூகுளில் உங்கள் பெயரைத் தேடினால் அவர் விளம்பரம் மேலே வருகிறது என்பது மட்டும் வழக்குக்குப் போதாது. விளம்பர வாசகம் வாடிக்கையாளரைக் குழப்புகிறதா என்று பாருங்கள்.

பலரும் கவனிக்காத இன்னொன்று: உங்கள் இணையதளமும் கூகுள் பக்கமும் யார் பெயரில் இருக்கின்றன? அமைத்துக் கொடுத்த பையன் வேலையை விட்டுப் போன பிறகு கடவுச்சொல்லைத் தேடி அலையும் கடைகள் இங்கே ஏராளம். சொந்தப் பக்கமே கையில் இல்லாவிட்டால் போலிப் பக்கத்தைப் பற்றி எப்படிப் புகார் கொடுப்பது?

உங்கள் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு சரக்கே அனுப்பவில்லை என்றால் விஷயம் வேறு. அது பெயர்த் தகராறு அல்ல, மோசடி. ஏமாந்த வாடிக்கையாளரை உடனே இணைய மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள். தாமதித்தால் பணத்தை முடக்குவது கடினம். அன்றைக்கே உங்கள் சரியான எண்ணையும் முகவரியையும் எல்லா வாடிக்கையாளருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், எதிராளியின் பெயரைக் குறிப்பிடாமல்.