தொண்டை கட்டினால் பாடகர்கள் செய்யும் தவறுகள்

மார்கழி சீசனில் சபா சபாவாகப் பாடுகிறவர்களிடம் சாரீரம் (பாடும் குரல்) எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "லேசா கட்டியிருக்கு, பாடப் பாட சரியாயிடும்" என்பார்கள். அதுதான் முதல் தவறு. சளியாலோ அதிக சாதகத்தாலோ வீங்கிய குரல் நாண்கள் (குரல்வளைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் மடிப்புகள்) ஒழுங்காக ஒன்றுசேராது, சேர வைக்க நாம் இன்னும் அழுத்துவோம், அழுத்தினால் வீக்கம் கூடும். 5 கட்டை சுருதியில் பாடுகிற பெண் மேல் ஷட்ஜத்தை (மேல் ஸ்தாயி 'ஸ') பிடிக்கும்போது நொடிக்கு ஏறக்குறைய 390 தடவை அந்த நாண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. வீங்கிய நிலையில் இரண்டரை மணி நேரக் கச்சேரி என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பேசக் கூடாது என்றால் கிசுகிசுப்பது இன்னொரு தவறு. பலருக்குக் கிசுகிசுக்கும்போது குரல்வளை இறுகித்தான் போகிறது. மெதுவாகப் பேசுங்கள், இல்லை பேசாமலே இருங்கள். அடிக்கடி கனைப்பதையும் விடுங்கள், ஒரு மடக்குத் தண்ணீர் போதும்.

மிளகு, சித்தரத்தை, பனங்கற்கண்டு எல்லாம் இதமாக இருக்கும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விழுங்குவது எதுவும் குரல் நாணைத் தொடுவதில்லை, தொட்டால் புரையேறிவிடும். தண்ணீரும் அப்படித்தான், உடம்பில் சேர்ந்துதான் அங்கே போக வேண்டும், அதனால் மேடையேறும் முன் ஒரு பாட்டிலைக் காலி செய்து பயனில்லை, நாள் முழுக்கக் குடியுங்கள். நேராகப் போய்ச் சேர்வது ஆவிதான்.

பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று போய்விட்டால் விஷயம் வேறு. நாணில் ரத்தம் கசிந்திருக்கலாம். அப்போது கடைசியில் பாடும் சின்னப் பாட்டான துக்கடாவாவது பாடி முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், வாயை மூடிக்கொண்டு உடனே இஎன்டி டாக்டரிடம் போங்கள். கசிவைக் கூட்டக்கூடிய ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் இரண்டையும் நீங்களாக எடுக்காதீர்கள். குரல்வளைக்குள் பார்க்காமலே ஸ்டீராய்டு ஊசி போட்டு மேடைக்கு அனுப்புவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம்: வீக்கம் வடிந்து குரல் வந்துவிடும், காயம் அப்படியே இருக்கும்.

நாண் முடிச்சு (குரல் நாணில் வரும் சிறு தடிப்பு) என்றதும் ஆபரேஷனுக்கு ஓடவும் வேண்டாம், பெரும்பாலும் முதலில் குரல் பயிற்சிதான். 1997-ல் குரல் நாண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' பட நடிகை-பாடகி ஜூலி ஆண்ட்ரூஸுக்குப் பாடும் குரலே போனது. ஆனால் அதை மட்டும் சொல்லிப் பயந்து ஒதுங்குவதும் சரியில்லை, 2011-ல் பாஸ்டனில் அறுவை செய்துகொண்ட ஆங்கிலப் பாடகி அடெல் அடுத்த பிப்ரவரியில் கிராமி மேடையில் பாடினார். ஸ்ட்ரோபோஸ்கோபி என்ற, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கோடு குரல்வளையைப் பார்க்கும் பரிசோதனையில் நாண்கள் அதிர்வதைப் பார்த்த பிறகுதான் எது வேண்டும் என்று சொல்ல முடியும்.

தேறி வரும்போது நேராக மூன்று காலத்தில் (மூன்று வேகத்தில்) வர்ணம் வேண்டாம். ஸ்ட்ரா வழியாக மெல்ல ஊதிக்கொண்டே ஸ்வரம் பிடிப்பது, அப்புறம் நடு ஸ்தாயியில் ஆரம்பப் பயிற்சியான சரளி வரிசை, வலியும் கரகரப்பும் இல்லையென்றால் மேலே. சுருதியை அரைக் கட்டை இறக்கினால் மானம் போகாது. கச்சேரியை ரத்து செய்துவிட்டு, சாயங்காலம் முழுக்கக் குழந்தைகள் சுருதியில் பாட்டு வகுப்பு எடுத்துவிட்டு "ரெஸ்ட்ல இருக்கேன்" என்று சொல்கிறவர்களும் உண்டு, அது ரெஸ்ட் இல்லை. பாடத்தை முன்பே பதிவு செய்ததைப் போட்டுக் காட்டுங்கள், திருத்தத்தை நோட்டில் எழுதிக் கொடுங்கள்.