குப்பை அள்ளுவது மட்டுமே அதன் வேலை: டொட்நெட் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் வீட்டிலிருந்தபடியே கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் கோட் எழுதும் தம்பி தங்கச்சிமாரிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். மைக்ரோசொஃப்டின் நிரலாக்கத் தளமான டொட்நெட்டில், பயன்படாத நினைவகத்தைத் தானே திரும்ப எடுக்கும் கார்பேஜ் கலெக்டர் (குப்பை அள்ளி) பார்த்துக்கொள்வது நினைவகத்தை மட்டும். திறந்த கோப்பு, தரவுத்தள இணைப்பு, சொக்கெட், நேரம், எழுத்து எல்லாம் எழுதுகிறவரின் பொறுப்பு.

உப்புவெளியில் ஒரு ஹோட்டலுக்கு முன்பதிவு மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு தேடலுக்கும் எஸ்கியூஎல் (தரவுத்தள) இணைப்பைத் திறந்து மூடாமல் விட்டாலும் சோதனையில் பிழை தெரியாது, அழுத்திப் பார்ப்பது நீங்கள் ஒருவர்தானே. சீசனில் ஆட்கள் கூடியதும் சேர்வர் தொங்கும். எஸ்கியூஎல் கிளையன்ட் திறந்த இணைப்புகளை மீண்டும் பயன்படுத்த ஒரு குளத்தில் வைத்திருக்கும். அந்த இணைப்புக் குளத்தில் இயல்பான உச்சம் 100. நூறும் போய்த் திரும்பாவிட்டால் அடுத்தவர் 15 செக்கன் காத்திருந்து டைம்அவுட் பிழையைத்தான் பார்ப்பார். உடனே குளத்தை 500 ஆக்குகிறார்கள். பிழை சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். இணைப்பை உருவாக்கும் வரியிலேயே ‘யூசிங்’ போடுங்கள். இடையில் எக்செப்சன் (ஓடும்போது எழும் பிழை) வந்தாலும் அது மூடப்படும். கோட்டை வாசித்துப் பிழை காட்டும் அனலைசரின் சிஏ2000 என்ற விதி இப்படி மூடாமல் விட்ட பல இடங்களைக் காட்டித்தரும். அது இயல்பாக இயங்காது, புரொஜெக்டின் அமைப்புகளை வைக்கும் எடிட்டர்கொன்ஃபிக் கோப்பில் நீங்கள்தான் இயக்கவேண்டும். நினைவகம் ஏறிக்கொண்டே போனால் ‘டொட்நெட்-கவுன்டர்ஸ்’ என்ற கருவியை ஓடவிட்டு ஜென் 2 (நீண்ட நேரம் விடுவிக்கப்படாமல் தங்கிய பொருள்களின் பகுதி) அளவைக் கவனியுங்கள். எது பிடித்து வைத்திருக்கிறது என்று தேட மைக்ரோசொஃப்டின் இலவசக் கருவியான பேர்ஃப்வியூ போதும். பெரும்பாலும் விலக்கப்படாத ஈவென்ட் ஹேன்ட்லர்தான் (ஒரு நிகழ்வு நடந்தால் ஓடும்படி பதிந்த கோட்) அகப்படும்.

வேறு இணையச் சேவைகளை அழைக்கும் எச்டிடிபி கிளையன்ட் இதற்கு நேர்மாறு. அழைப்புக்கு ஒன்றாக உருவாக்கி மூடினால், மூடிய சொக்கெட்டுகள் சிறிது நேரம் போர்ட்டை விடாமல் காத்திருக்கும். அழைப்புகள் பெருகும்போது போர்ட் தீர்ந்துபோகும். ஒன்றையே பகிருங்கள், அல்லது 2018இல் டொட்நெட் கோர் 2.1 உடன் வந்த, இந்தக் கிளையன்ட்டுகளை உருவாக்கித் தரும் ஃபக்டரியைப் பயன்படுத்துங்கள்.

பிடித்த எக்செப்சனைப் பெயர் சொல்லித் திரும்ப எறிந்தால் பிழை முதலில் எங்கே எழுந்தது என்று காட்டும் ஸ்டாக் டிரேஸ் அழிந்துவிடும். வெறும் ‘த்ரோ’ போதும், இல்லாவிட்டால் சிஏ2200 என்ற அனலைசர் விதி எச்சரிக்கும். கணக்கில் பணத்துக்குத் தசமங்களைத் தோராயமாக வைக்கும் ‘டபிள்’ எண் வகை வேண்டாம், ‘டெசிமல்’தான்.

நேரத்தில் நம்மவர்கள் நிறையவே சறுக்குகிறார்கள். கிளவுட் சேர்வரின் கடிகாரம் பெரும்பாலும் யூடிசியில் (உலகப் பொது நேரம், இலங்கை நேரத்துக்கு 5:30 மணி பின்னால்) இருக்கும். மே 5 விடிகாலை 4 மணிக்கு வந்த முன்பதிவை, சேர்வரின் நேரத்தைத் தரும் ‘நவ்’ கொண்டு திகதியிட்டால் அது மே 4 என்று பதியும். யூடிசியில் சேமித்து, காட்டும்போது மட்டும் டைம்சோன்இன்ஃபோ மூலம் இலங்கை நேரத்துக்கு மாற்றுங்கள். கையால் 5:30 கூட்டாதீர்கள். 2006 ஏப்ரலுக்கு முன் சில ஆண்டுகள் நம் நேரம் யூடிசி+6 ஆக இருந்தது. பழைய பதிவுகள் அரை மணி பிசகும்.

தமிழ் எழுத்துகளைப் பற்றிப் பயிற்சி வகுப்புகளில் பெரிதாகப் பேசுவதில்லை. நமக்கு அதுதான் முக்கியம். ‘திருகோணமலை’ என்ற ஸ்ட்ரிங்கின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். எழுத்து ஆறு, விடை 10. நீளத்தைத் தரும் ‘லெங்த்’ எண்ணுவது யூடிஎஃப்-16 அலகுகளை, அதாவது ‘த’வையும் அதன் மேல் வரும் குறியையும் தனித்தனியாக. ஆகவே சப்ஸ்ட்ரிங் கொண்டு முதல் மூன்றை வெட்டினால் ‘திர’ என்று நிற்கும். வெட்டவும் எண்ணவும் ஸ்ட்ரிங்இன்ஃபோவைப் பயன்படுத்துங்கள். இன்னொன்றும் உண்டு. யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துருவான பாமினியில் அடித்த ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றும்போது, ‘கோ’வின் ஓகாரம் ஒரே குறியாக வராமல் ஏகாரக் குறியும் காலுமாக இரண்டாக வரலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. நீளமோ 11, இரண்டு ஸ்ட்ரிங்கும் சமமா என்று கேட்டால் இல்லை என்று வரும். தேடலில் ஆளின் பெயர் கிடைக்காது, அதே ஊர் பட்டியலில் இரண்டு தடவை நிற்கும். உள்ளே வரும் எல்லாத் தமிழையும் சேமிக்கும் முன் ‘நோர்மலைஸ்’ (ஒரே எழுத்தை ஒரே குறியீட்டு வடிவுக்குக் கொண்டுவருதல்) செய்துவிடுங்கள். தரவு ஏற்கனவே கலந்திருந்தால் ஒருமுறை முழுவதையும் வாசித்து, சீர்படுத்தி, திரும்ப எழுதுங்கள். இரட்டிப்புகளை நீக்கிய பிறகே, ஒரே மதிப்பு இரண்டு தடவை பதிவதைத் தடுக்கும் யுனிக் இன்டெக்ஸ் போடலாம்.