டர்போ காடிக்கு கடைசி ரெண்டு கிலோமீட்டர்தான் முக்கியம்

அக்கா மவன் புதுசா ஒரு பெரோடுவா அத்திவா எடுத்தான், டர்போ காடி, எடுத்த மறுவாரமே குடும்பத்தோட கெந்திங் மலைக்கு கெளம்பிட்டோம். காராக் ஹைவேய விட்டு மல ரோட்டுல திரும்புனதுலேர்ந்து பையன் அமுத்துன கால எடுக்கவே இல்ல, ஒரு லிட்டர் இஞ்சின், உள்ள அஞ்சு பேரு, மேல ஏறணும்னா வேற வழியும் இல்லதான். மேல போயி பார்க்கிங்ல விட்ட ஒடனே ஆஃப் பண்ண பட்டன்ல கைய வச்சான். "இருடா, ஒரு நிமிசம் ஓடட்டும்"னேன். "அதெல்லாம் பழைய காடிக்குதானே மாமா, இப்ப வர்றதுக்கு தேவையில்லன்னு சொல்றாங்களே"ன்னான். அவன் சொன்னது பாதி சரி. மீதி பாதி தெரியாமதான் நெறைய பேரு டர்போவ கெடுத்துக்கிறாங்க, அதுக்குத்தான் இத எழுதுறேன்.

மொதல்ல டர்போ என்ன பண்ணுதுன்னு பாத்துடுவோம். இஞ்சின்லேர்ந்து வெளிய போற புகை ஒரு சின்ன விசிறிய சுத்துது, அதே தண்டோட மறு முனையில இன்னொரு விசிறி, அது வெளிக்காத்த அழுத்தி இஞ்சினுக்குள்ள தள்ளுது. சின்ன டர்போவுல அந்த தண்டு நிமிசத்துக்கு 2 லட்சம் சுத்து வரைக்கும் போகும். பெட்ரோல் காடிய நல்லா அமுத்தி ஏத்தத்துல ஓட்டுனா அந்த புகையோட சூடு 900 டிகிரிய தாண்டும், டீசல்ல கொஞ்சம் கம்மி. இவ்ளோ வேகத்துல சுத்துற தண்டு பெரும்பாலும் பந்து பேரிங்குல கூட ஒக்காரல, மெல்லிசா ஒரு எண்ணெய் படலத்துல மெதந்துக்கிட்டு இருக்கு. அந்த எண்ணெய் நாம ஊத்துற மினியாக் ஹீத்தாம், அதாவது இஞ்சின் ஆயில்தான், இஞ்சினோட பம்புதான் அத அனுப்புது. இஞ்சின் நின்னா பம்பும் நின்னுடும்.

இங்க ஒரு விசயத்த எல்லாரும் தப்பா புரிஞ்சிருக்காங்க. தண்டு சுத்திக்கிட்டே இருக்கும், அது நிக்கிற வரைக்கும்தான் காத்திருக்கணும்னு நெனைக்கிறாங்க. கால எடுத்து இஞ்சின் சும்மா ஓடுற ஐடில்லுக்கு வந்தாலே சில வினாடியில வேகம் எறங்கிடும், சூடுதான் எறங்காது. இஞ்சின் ஓடுற வரைக்கும் எண்ணெயும் கூலண்டும், அதாவது ரேடியேட்டர் தண்ணியும், வந்து வந்து சூட்ட அள்ளிக்கிட்டு போகுது, ஆஃப் பண்ணிட்டா அள்ள ஆளு இல்ல, புகை பக்கத்து இரும்புல இருக்குற சூடு மெதுவா நடுவுல உள்ள பேரிங்குக்கு எறங்குது, அதனால ஆஃப் பண்ண பெறகு சில நிமிசத்துக்கு பேரிங்கோட சூடு கொறையாம மேலதான் ஏறும். அங்க தங்குன எண்ணெய் என்னாகும்னு வீட்டுல தோசக்கல்ல பாத்தவங்களுக்கு சொல்லவே வேணாம். மாவு ஊத்தி ஊத்தி எடுக்குற வரைக்கும் கல்லு நல்லாருக்கும், எண்ணெய தடவிட்டு தோச ஊத்தாம அடுப்ப எரியவிட்டா மொதல்ல பிசுக்கு புடிக்கும், அப்புறம் கருப்பா பொறுக்கு தட்டிடும். டர்போவுலயும் அதே கரிதான். ஒரு நாள்ல ஒன்னும் தெரியாது, நூறு தடவ இருநூறு தடவ ஆகும்போது எண்ணெய் வர்ற பைப்பே குறுகிப்போயிடும், தண்டு காஞ்சிபோயி தேய ஆரம்பிச்சிடும்.

பையன் சொன்னதுல சரி என்னன்னா, 1980கள்லேர்ந்தே டர்போவோட நடுப்பகுதிக்குள்ள கூலண்ட் ஓடுற மாதிரி செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. இஞ்சின் நின்னாலும் சுடு தண்ணி தானா மேல ஏறி ஆறின தண்ணி உள்ள வரும், சில காடியில கரண்ட் பம்பு ஒன்னு கொஞ்ச நேரம் தனியா ஓடும். ஆஃப் பண்ணிட்டு எறங்குன பெறகு முன்னால ஒரு சத்தம், விசிறி சுத்துற சத்தம் கேட்டா பயப்படாதீங்க, அது அதோட வேலைய பாக்குது. அதனால கேஎல்ல, அதாவது கோலாலம்பூர்ல, செந்தூல்லேர்ந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ஜாம்ல ஊந்து ஊந்து போயிட்டு காத்துக்கிட்டு ஒக்காரணும்னு அவசியமே இல்ல. பார்க்கிங் தேடுற நேரமே போதும், பசாருக்கு போயிட்டு வந்து காடிக்குள்ள மூனு நிமிசம் ஒக்காந்திருக்குற அண்ணனுங்கள பாத்தா பெட்ரோல் வீணா போகுதேன்னு எனக்கு கஷ்டமா இருக்கும்.

அப்போ எப்போ தேவை? காடி கஷ்டப்பட்டு வேல செஞ்சிட்டு ஒடனே நிக்கிறப்போ. ஏத்தம், முழு லோடு, ஹைவேல வேகம், இந்த மூனுல ஒன்னு முடிஞ்ச கையோட நிறுத்துறீங்கன்னா ஆற விடுங்க. ஆனா நின்னுக்கிட்டு ஆற வைக்கிறத விட ஓட்டிக்கிட்டே ஆற வைக்கிறதுதான் நல்லது, நான் சொல்ல வந்ததே இதுதான். கடைசி ரெண்டு கிலோமீட்டர், மூனு கிலோமீட்டர் கால லேசா வச்சு, ஆர்பிஎம், அதாவது இஞ்சின் நிமிசத்துக்கு சுத்துற சுத்து, 2000த்த தாண்டாம, யாரையும் ஓவர்டேக் பண்ணாம வந்தீங்கன்னா புகையோட சூடு தன்னால எறங்குது, முன்னாலேர்ந்து காத்து அடிக்குது, எண்ணெயும் தண்ணியும் ஐடில்ல விட நல்லா ஓடுது. வீட்டு வாசலுக்கு வர்றதுக்குள்ள பாதி வேல முடிஞ்சிருக்கும்.

பினாங்குக்கு பிளஸ் ஹைவேல போறோம்னு வச்சுக்குங்க, 110ல ரொம்ப நேரம் ஓட்டி தாப்பாவுல இளைப்பாற நிக்கிற எடமான ஆர் அண்ட் ஆர்ல நொழையுறோம். போர்டு தெரிஞ்ச ஒடனே கால எடுத்துடுங்க, ஹைவேலேர்ந்து உள்ள பிரிஞ்சு போற அந்த சின்ன ரோடு வரைக்கும் 100ல வந்து ப்ரேக் அடிக்காதீங்க. பார்க் பண்ண பெறகு அர நிமிசம், ஒரு நிமிசம் போதும், புள்ளைங்க செருப்ப தேடி போடுறதுக்குள்ள அது ஆயிடும். பெட்ரோல் அடிக்கணும்னா மொதல்ல சாப்பாட்டுக் கடை பக்கம் நிறுத்தி தே தாரிக் குடிச்சிட்டு போறப்போ அடிங்க. பெட்ரோல் பம்புகிட்ட இஞ்சின ஓடவிட்டுக்கிட்டு ஆற வைக்கிறேன்னு நிக்கவே கூடாது, அங்க நிறுத்துன ஒடனே ஆஃப் பண்ணிதான் ஆகணும்.

மல ஏறி நேரா மேலயே நிறுத்துறதுதான் ரொம்ப மோசம், கெந்திங் அப்படித்தான், ஆற வைக்க ரோடே கெடைக்காது. அங்க பார்க்கிங் மாடிகள்ல மெதுவா ஒரு சுத்து சுத்துங்க, நிறுத்தி ஒன்னுலேர்ந்து ரெண்டு நிமிசம் விடுங்க. அஞ்சு நிமிசம் பத்து நிமிசம்னு விடுறதுல புண்ணியம் இல்ல, ஐடில்ல கெடைக்கிற அளவுக்கு அது அதுக்குள்ளயே ஆறிடும். மூடுன பேஸ்மெண்டா இருந்தா புகை தேங்கும், அங்க நிக்காதீங்க, வெளியவே ஆற வச்சிட்டு உள்ள எறக்குங்க. பினாங்குல பாயா தெருபோங்லேர்ந்து பாலிக் புலாவ் போற துன் சார்டோன் ரோடு வேற மாதிரி, ஏத்தம் முடிஞ்சதும் எறக்கம் வந்துடுது, எறங்குறப்போ இஞ்சினுக்கு வேலையே இல்ல, டர்போ தானா ஆறிடும். எறக்கத்துல சூடாவுறது ப்ரேக்குதான், கியர கொறச்சு எறங்குங்க.

நிக்கிறப்போ தானா ஆஃப் ஆவுற வசதி உள்ள காடியா இருந்தா அமுத்தி ஓட்டிட்டு டோல்கிட்டயோ ரெட்லைட்லயோ நிக்கிறதுக்கு முன்னால அந்த பட்டன ஆஃப்ல போட்டுடுங்க, அப்படிப்பட்ட காடிய அதுக்கு ஏத்த மாதிரிதான் செஞ்சிருக்காங்க, இருந்தாலும் ஏத்தத்துக்கு பெறகு நான் போட்டுடுவேன். இன்னொன்னு, ஆஃப் பண்றதுக்கு முன்னால ஒரு தடவ வ்ரூம்னு முறுக்கிட்டு சாவிய திருப்புற பழக்கம், கார்புரேட்டர் காலத்து ஆளுங்ககிட்ட இன்னும் இருக்கு, அப்பா கூட செய்வாரு. டர்போவுக்கு அது கெடுதல், தண்ட வேகமா சுத்தவிட்டு அந்த நேரத்துலயே எண்ணெய நிறுத்துறோம். டர்போ டைமர் மாட்டலாமான்னும் கேப்பாங்க, சாவிய எடுத்த பெறகும் இஞ்சின ஓடவிடுற பெட்டி அது. பழைய காடிக்கு சரி, பட்டன் ஸ்டார்ட் காடிக்கு ஒயர வெட்டி மாட்ட வேணாம், ஆளில்லாம இஞ்சின் ஓடுற காடிய நம்மூருல விட்டுட்டு போறதும் சரியில்ல.

எண்ணெய் நல்லா இல்லன்னா எவ்ளோ ஆற வச்சாலும் பலன் கம்மி. மேனுவல்ல போட்டிருக்குற கிரேடையே ஊத்துங்க, கேஎல் ஜாம்ல தெனமும் நிக்கிற காடின்னா கிலோமீட்டர் வர்ற வரைக்கும் காத்திருக்காம கொஞ்சம் முன்னாடியே மாத்துங்க, மாசம் ஒரு தடவ இஞ்சின்ல இருக்குற அளவு குச்சிய எடுத்து எண்ணெய் அளவு பாருங்க. காலையில ஸ்டார்ட் பண்ண ஒடனே அமுத்தாதீங்க, இஞ்சின் இன்னும் சூடாகலன்னு மீட்டர்ல காட்டுற நீல வெளக்கு இருக்குற காடின்னா அது அணையுற வரைக்கும் மெதுவா போங்க.

அப்பாவோட டீசல் பிக்கப்புக்கு இது எதுவும் எங்களுக்கு தெரியாது, கேமரன் மலைலேர்ந்து காய்கறி ஏத்திக்கிட்டு ஓடுற வண்டி, ஏத்தத்துல போட்டு அமுத்துவோம், போன எடத்துல ஒடனே ஆஃப். மொதல்ல அமுத்துறப்போ சைரன் மாதிரி ஒரு ஊளை, அப்புறம் காலையில நீலப்புகை, அப்புறம் இழுவையே இல்ல. ஒரு வொர்க்ஷாப்புல டர்போவ மாத்துனாங்க, நாலே மாசத்துல திரும்ப அதே ஊளை. வேற ஒரு அண்ணன்கிட்ட காட்டுனப்போ எண்ணெய் வர்ற பைப்ப கழட்டி காட்டுனாரு, உள்ள கரி அடைச்சு ஒரு ஊசி நொழையுற அளவுதான் ஓட்டை, பழைய பைப்பயே புது டர்போவுல மாட்டி விட்டிருக்காங்க. அதனால எப்பவாவது உங்க டர்போவ மாத்த வேண்டி வந்தா அந்த பைப்பயும் சேத்து மாத்த சொல்லுங்க, எண்ணெயும் ஃபில்டரும் புதுசா போடணும், மாட்டுறதுக்கு முன்னால டர்போ ஓட்டைக்குள்ள கொஞ்சம் எண்ணெய் விட்டு கையால சுத்தி பாத்தாங்களான்னு பக்கத்துல நின்னு பாருங்க.