குசினிக்குச் சுவர் எழுப்பும் முன்பே அலமாரியை வரைந்துவிடுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியில் வீடு வாங்கிய குடும்பங்கள், கையில் கொஞ்சம் வெள்ளி, அதாவது பணம், சேர்ந்ததும் முதலில் பெரிதாக்க நினைப்பது குசினியைத்தான். பின்புறச் சிமெண்டுத் தரையில் சுவர் எழும்பி, கூரை இறங்கி, புதுக் குசினி உருவாகிவிடுகிறது. குத்தகையாளர் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகே அலமாரி செய்பவரை அழைத்து அளவெடுக்கச் சொல்வது பலருடைய வழக்கம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அலமாரிக்காரர் வந்து அளந்தபோது, ஜன்னலின் அடிப்பகுதி சமையல் மேடையை விட இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தது. தண்ணீர்க் குழாய் அடுப்பு வர வேண்டிய இடத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பிளக் பாயிண்டுகள் ஐஸ்பெட்டிக்குப் பின்னால் மறைந்து போயின. பூச்சு காய்ந்த சுவரை மறுபடியும் உடைத்தோம். அலமாரி கடைசியில் வந்து சேரும் பொருள்தான் என்றாலும், அதன் வரைபடம் செங்கல் வந்து இறங்குவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

வீட்டை நீட்டிக் கட்டுவதற்கு உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அதாவது 133ஆம் சட்டம், இதற்குப் பொருந்தும். பின்புறத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை உங்கள் மன்றத்தின் கட்டடப் பிரிவிலேயே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதிக்காக வரையப்படும் அந்தப் படத்திலேயே சிங்க், அடுப்பு, ஜன்னல் ஆகிய மூன்றும் எங்கே வரும் என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். வரைபவருக்கு அது அதிக வேலையாக இருக்காது.

முதலில் பாத்திரங்கள்

எத்தனை அலமாரி வேண்டும் என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டாம். பழைய குசினியிலுள்ள எல்லாவற்றையும் ஒரு நாள் கூடத்தில் பரப்பி வைத்து, தினமும் எடுப்பவை, வாரத்தில் ஓரிரு முறை எடுப்பவை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் எடுப்பவை என்று மூன்றாகப் பிரியுங்கள். பிறகு மிகப் பெரிய பாத்திரத்தின் உயரத்தையும் வாயகலத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மேல் அலமாரிகள் பொதுவாக 12 முதல் 14 அங்குலம் ஆழம் உடையவை. 15 அங்குல வாயுள்ள தவலை அவற்றில் ஒருபோதும் அடங்காது. அது கீழே, 24 அங்குல ஆழமுள்ள பகுதியில், நடுத்தட்டு இல்லாத ஓர் அறையில்தான் நிற்க வேண்டும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், அலமாரிக்காரர் தம் வழக்கப்படி எல்லா அறைகளுக்கும் நடுத்தட்டு போட்டுவிடுவார்.

மாவரைக்கும் எந்திரத்துக்கு நிரந்தரமான இடம் ஒன்றைக் கொடுங்கள். கல்லோடு சேர்ந்து பத்துக் கிலோவைத் தாண்டும் ஒரு பொருளை, இட்லிக்கு அரைக்கும் ஒவ்வொரு முறையும் அலமாரிக்குள்ளிருந்து தூக்கி மேடையில் வைப்பது முதுகுக்குக் கேடு. மேடையின் ஒரு முனையை மட்டும் 24 அங்குல உயரத்துக்குத் தாழ்த்தி, பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட் வைத்துவிட்டால், அம்மாவோ அத்தையோ நின்றபடியே மாவை வழித்தெடுக்கலாம். பத்துக் கிலோ அரிசிப் பை, சமையல் எண்ணெய், வெங்காயக் கூடை ஆகியவை கீழ்த்தட்டுக்கு உரியவை. முறுக்கு உரலும் அதிரசச் சட்டியும் உயரமான மேல்தட்டுக்குப் போகலாம். வெள்ளிக்கிழமைச் சைவச் சமையலுக்கும் படையலுக்கும் தனிப் பாத்திரம் வைத்திருக்கும் வீடாக இருந்தால், கதவுள்ள தனி அறை ஒன்றை இப்போதே வரைபடத்தில் எழுதுங்கள். அவை கறிச்சட்டியோடு கலந்துவிட்டால் வீட்டுப் பெரியவர்களின் மனம் நோகும்.

தரையில் சுண்ணக்கட்டியால் வரையுங்கள்

தாளில் வரைந்தால் எல்லாமே போதுமான இடமாகத் தெரியும். சுவர் எழும்பப்போகும் வெறும் சிமெண்டுத் தரையிலேயே, முழு அளவில், சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் பாருங்கள். மனையின் அகலம் 20 அடி என்றால், இருபுறச் சுவரும் பூச்சும் போக உள்ளே கிடைப்பது 19 அடிக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். சுவரில் டைல்ஸ் பதித்தால் இன்னும் கொஞ்சம் குறையும். பின்னோக்கி 10 அடி நீட்டினாலும் உள்ளே ஒன்பதரை அடிதான் மிஞ்சும். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு அடி ஆழத்துக்கு அலமாரிகள் வந்தால், நடுவில் ஐந்தரை அடி கிடைக்கும். ஒருவர் மட்டும் சமைக்கும் குசினிக்கு நடுவழி மூன்றரை அடி போதும். இருவர் முதுகுக்கு முதுகு நின்று வேலை செய்ய வேண்டுமானால் நான்கு அடிக்குக் குறையக் கூடாது.

1926ஆம் ஆண்டில் மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு சிறிய குசினியை வடிவமைத்தார். சமைப்பவர் எங்கிருந்து எங்கே நடக்கிறார் என்பதைக் கணக்கிட்டு அலமாரிகளை வைத்த அந்தக் குசினியே இன்றைய பொருத்து அலமாரிகளுக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. அந்தக் கணக்கிடும் முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம்; அளவை எடுத்துக்கொள்ள முடியாது. அது ஒரே ஒருவர் நின்று சமைக்கும் அறை. தீபாவளிக்கு முந்திய இரவில் நம் குசினியில் ஒருவர் முறுக்குப் பிழிவார், ஒருவர் பொரிப்பார், இன்னொருவர் கறிக்கு வெங்காயம் உரிப்பார். ஆகவே கோடு போட்டபின் வீட்டிலுள்ள இரண்டு மூன்று பேரையும் உள்ளே நிற்க வைத்து, கையில் காலிப் பானையோடு நடந்து பாருங்கள். ஐஸ்பெட்டி, சிங்க், அடுப்பு ஆகிய மூன்றுக்கும் இடையிலான ஒவ்வொரு தூரமும் நான்கு முதல் ஒன்பது அடிக்குள்ளும், மூன்றும் சேர்ந்து 26 அடிக்கு மிகாமலும் இருப்பது நல்லது.

நடமாட்டத்தையும் கவனியுங்கள். கூடத்திலிருந்து வரும் பழைய வாசலும் பின்சந்துக்குப் போகும் புதிய கதவும் குறுக்குக்கோணத்தில் அமைந்தால், துணி காயப்போடப் போகிறவர்களும் பிள்ளைகளும் கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் நாள் முழுவதும் கடந்து போவார்கள். இரண்டு வாசலையும் ஒரே ஓரத்தில் நேர்க்கோட்டில் வைத்தால், மறுபாதி முழுவதும் சமைப்பவருக்கே சொந்தமாகிவிடும்.

சிங்க், அடுப்பு, காஸ் தோம்பு

சிங்க்கின் இடத்தை வடிகாலே முடிவு செய்கிறது. கழிவுநீர்க் குழாய் ஓரடிக்குக் கால் அங்குலம் வீதம் சரிய வேண்டும். வடிகாலிலிருந்து 12 அடி தள்ளி சிங்க்கை வைத்தால் மூன்று அங்குலச் சரிவு தேவைப்படும், அந்தச் சரிவைப் பிற்பாடு தரைக்கடியில் உண்டாக்க முடியாது. பின்சுவரில், ஜன்னலுக்குக் கீழே வைப்பதே பெரும்பாலான வரிசை வீடுகளுக்குச் சரியாக அமையும். ஜன்னலின் அடிப்பகுதி மேடையை விடக் குறைந்தது நான்கைந்து அங்குலம் உயர்ந்திருக்கட்டும்.

அடுப்பை ஜன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள். மாலைக் காற்று தீயை அலைக்கழிக்கும். ஐஸ்பெட்டியை ஒட்டியும் வைக்க வேண்டாம். அடுப்பின் இரு பக்கமும் ஓரடியாவது வெறும் மேடை இருந்தால்தான் இறக்கிய சட்டியை வைக்க முடியும். சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவே மூன்று அடி மேடையைத் தொடர்ச்சியாக விடுங்கள். காய் நறுக்குவதும் மீன் அலசி வைப்பதும் அங்கேதான் நடக்கும். அஞ்சறைப் பெட்டிக்கு அடுப்புக்குப் பக்கத்திலுள்ள இழுப்பறை சரியான இடம். அடுப்புக்கு நேர் மேலே வைத்தால் ஆவியும் சூடும் பட்டுத் தூள்கள் கட்டியாகிவிடும். கருவாடு பொரிக்கும் வீட்டுக்கு, புகையைக் கரியில் வடிகட்டி உள்ளேயே திருப்பி விடும் வகைப் புகைபோக்கி போதாது. வெளிச்சுவர் வழியாகப் புகையை வெளியேற்றும் குழாய்க்கு, சுவர் கட்டும்போதே துளை விடச் சொல்லுங்கள்.

சமையல் காஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கி நிற்கும். ஆகவே காஸ் அடைத்த உருளையான தோம்பை அலமாரிக்குள் மூடி வைப்பதானால், அதன் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் கட்டாயம் இருக்க வேண்டும். தோம்பைப் பின்சுவருக்கு வெளியே கம்பிக்கூண்டில் வைத்து, முறையான குழாய் வழியாக உள்ளே கொண்டுவருவதே என் விருப்பம். எங்கே வைத்தாலும், எதையும் நகர்த்தாமல் கையை நீட்டி மூடக்கூடிய தூரத்தில் வால்வு இருக்கட்டும்.

உயரம் சமைப்பவருடையது

கடைகளில் சமையல் மேடை பெரும்பாலும் 34 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால் தரையிலிருந்து முழங்கைவரை என்ன உயரமோ, அதிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் குறைத்தால் நறுக்கும் மேடையின் உயரம் கிடைக்கும். ஐந்தடி உயரமுள்ளவருக்கு அது ஏறத்தாழ 33 அங்குலமாக வரும். அடுப்பு நிற்கும் பகுதியை இதைவிடத் தாழ்த்த வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மேடைமேல் ஆறு அங்குல அடுப்பும் அதன்மேல் ஓரடிப் பானையும் ஏறினால், கிளறுபவர் கையைத் தோள் உயரத்துக்குத் தூக்க வேண்டியதாகிவிடும். தனியே வைக்கும் இரட்டை அடுப்புக்கு 26 முதல் 28 அங்குல மேடை போதும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டில் விறகடுப்பின் முன் குந்தியிருந்தே பல்லாண்டுகள் சமைத்த என் அம்மாவுக்கு, புதிய குசினியில் மிகவும் பிடித்தது இந்தத் தாழ்ந்த மேடைதான்.

மேல் அலமாரியின் அடி, மேடையிலிருந்து 18 அங்குலத்தில் இருந்தால் குள்ளமானவர்களுக்கும் எட்டும். நீட்டிக் கட்டிய பகுதியில் கூரை பின்னோக்கிச் சரிவதால், பின்சுவரில் உத்தரம் எவ்வளவு தாழ்வாக வருகிறது என்பதை அளந்த பிறகே உயரத்தை முடிவு செய்யுங்கள். தகரக் கூரைக்கு அருகிலுள்ள மேல்தட்டு மதிய வெயிலில் சூடேறும். எண்ணெயும் மருந்தும் அங்கே வேண்டாம்.

கறையானும் ஈரமும்

தோட்டம் சூழ்ந்த நம் பட்டணங்களில் மரப்பலகை என்றதும் கறையானை நினைக்க வேண்டும். பால்மரத்தையும் செம்பனையையும் தாக்கும் கோப்டோடெர்மெஸ் கர்விக்னாத்தஸ் என்ற கறையான் இனம் தோட்டக்காரர்கள் நன்கறிந்த எதிரி. வீடுகளைத் தின்பதில் முன்நிற்கும் கோப்டோடெர்மெஸ் ஜெஸ்த்ரோய் அதே பேரினத்தைச் சேர்ந்தது. தூள்மரப் பலகை ஈரம் பட்டால் ஊதிப் போகும். ஒட்டுப்பலகை அதைவிடத் தாங்கும். ஆனாலும் வாளித் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவும் குசினியில் இரண்டையும் தரையைத் தொடவிடக் கூடாது. கீழ்ப்பகுதிக்குச் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு மேடை கட்டி, டைல்ஸ் பதித்து, அலுமினியக் கதவு பொருத்துவதே நம் சமையலுக்கு ஏற்றது; முழு அலுமினிய அலமாரியும் நன்றாக உழைக்கும். மரம்தான் வேண்டும் என்பவர்கள் அதை மேல் அலமாரியோடு நிறுத்திக்கொள்ளலாம். எந்த வகையானாலும், அடியில் நான்கு அங்குல உயரத்துக்குக் கால்விரல் நுழையும் பள்ளம் விடுங்கள். அது இல்லாவிட்டால் மேடையை ஒட்டி நிற்க முடியாமல் முதுகு வளையும்.

மின்சாரத்துக்கும் விலைக்கும் ஒரு கணக்கு

13 ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்று ஏறத்தாழ 3000 வாட் வரைதான் தாங்கும். தண்ணீர்க் கேத்தலும் காற்றில் பொரிக்கும் சட்டியும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் ஓடக் கூடாது. ஆகவே மேடைமேல் நிற்கப்போகும் கருவிகளை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் தனிப் பாயிண்ட் வைத்து, கூடுதலாக இரண்டு சேருங்கள். சிங்க்கிலிருந்து விலகி, மேடைக்கு மேலே ஆறேழு அங்குலத்தில் அவை அமையட்டும். வேலையைப் பதிவு பெற்ற மின்பணியாளரே செய்யட்டும்.

அலமாரிக்கு நம் ஊரில் அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். இரு சுவர்கள் சேரும் மூலையை இரண்டு பக்கமும் சேர்த்து எண்ணினால், இல்லாத இரண்டு அடிக்கும் நீங்கள் வெள்ளி கொடுப்பீர்கள். மூலையை எப்படி எண்ணுகிறார், இழுப்பறைகளும் கீல்களும் மேடைக்கல்லும் அந்த விலையில் அடங்குமா என்பதை முன்பணத்துக்கு முன் எழுத்தில் வாங்குங்கள். இறுதி அளவை டைல்ஸ் பதித்த பிறகு ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். சுவர்கள் முற்றிலும் நேராக இருப்பதில்லை என்பதால், ஓரங்களில் ஓர் அங்குல நிரப்புப் பட்டைக்கு இடம் வேண்டும். சுவரைப் பூசுவதற்கு முன் குழாய்களும் கம்பிகளும் போகும் பாதையைப் படம் பிடித்து, அளவுகளோடு வரைபடத்தில் குறித்து, அந்தத் தாளின் ஒரு படியை பிளாஸ்டிக் உறையிலிட்டு சிங்க் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். பின்னொரு நாள் குழாய் பழுதுபார்க்க வருபவர், எந்த இடத்தில் துளையிடக் கூடாது என்பதை அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.