இதய வால்வுத் தொற்றுக்குப் பெட் ஸ்கேன்: முந்தைய நாளே தொடங்க வேண்டிய ஆயத்தம்

செயற்கை வால்வு பொருத்தியவருக்குக் காய்ச்சல் விடாமல் அடித்து, இரத்தக் கல்ச்சரில் கிருமி வளர்ந்தும் எக்கோ என்னும் இதய ஒலியலைப் படத்தில் எதுவும் தெளிவாகத் தெரியாதபோது, ஊசியில் ஏற்றிய கதிரியக்கப் பொருள் உடலில் எங்கே சேர்கிறது என்று காட்டும் பெட்-சிடி ஸ்கேனை மருத்துவர் எழுதித் தருவதுண்டு. செயற்கை வால்வுத் தொற்றை உறுதிசெய்யும் சான்றுகளில் ஒன்றாக ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டுதல்கள் 2015-இல் இதனைச் சேர்த்தன. கதிரியக்க ஃபுளோரின் சேர்த்த எஃப்.டி.ஜி. என்னும் சர்க்கரைப் பொருளை ஊசியில் ஏற்றினால், அழற்சி கண்ட இடங்கள் அதை மிகுதியாக உறிஞ்சிப் படத்தில் ஒளிரும். வால்வில் மட்டுமன்றி, இரத்தத்தோடு கிருமி சென்று தங்கிய மண்ணீரல், முதுகெலும்பு, நுரையீரல் ஆகியவற்றையும் ஒரே படத்தில் காணலாம்.

ஆனால் நலமான இதயத் தசையும் சர்க்கரையை உண்ணும். அது கொழுப்பை மட்டுமே எரிக்கும் நிலைக்கு வந்தால்தான் வால்வின் ஓரத்திலுள்ள தொற்று தனித்துத் தெரியும். ஆகவே முந்தைய நாள் குறைந்தது இரண்டு வேளை மாவுச்சத்தும் சர்க்கரையும் இல்லாத, கொழுப்பு மிகுந்த உணவை உண்டு, பிறகு 12 மணி நேரத்துக்குக் குறையாமல் வெறுவயிற்றில் இருக்க வேண்டும். நம் குமரி மாவட்டத்து வீடுகளில் இது எளிதன்று. சோறும் மரச்சீனிக் கிழங்கும் ஏத்தன் பழமும் அன்று கூடாது. மாவு தடவாமல் தேங்காய் எண்ணெயில் பொரித்த சாளையும் முட்டையும் உண்ணலாம். பச்சைத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்.

என் மாமாவை மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்ற விடியற்காலையில், வெறுவயிறு என்றால் பலகாரம் கூடாது என்று மட்டுமே எண்ணிய நாங்கள், அவருக்கு அரை டம்ளர் கருப்பட்டிக் காப்பி கொடுத்துவிட்டோம். முந்தைய இரவு அவர் உண்டதும் சோறுதான். படத்தில் இதயம் முழுவதும் வளையமாக ஒளிர்ந்ததால் வால்வைப் பற்றி எதுவும் சொல்ல இயலவில்லை. எல்லாவற்றையும் மறுபடி செய்ய நேர்ந்தது. யாரும் எங்களுக்கு விளக்கவில்லை என்ற வருத்தம் இன்றும் உண்டு.

மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு ஆன்டிபயாட்டிக் மருந்தை டெக்ஸ்ட்ரோஸ் திரவத்தில் கலந்து ஏற்றுகிறார்களா என்று செவிலியரிடம் கேளுங்கள். அந்தத் திரவமே சர்க்கரைதான். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். எத்தனை நாள் ஏற்றினார்கள் என்பதை மட்டும் எழுதிக்கொண்டு செல்லுங்கள், நெடுநாள் மருந்தினால் ஒளிர்வு மங்கக்கூடும். நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலின் நேரத்தை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். வால்வு அறுவை நடந்த தேதியும் அவசியம், ஏனெனில் தையல் ஆறும் முதல் மாதங்களில் தொற்றில்லாமலே அவ்விடம் ஒளிரலாம்.

ஊசி போட்டபின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசாமல், நடக்காமல் படுத்திருக்க வேண்டும். எஃப்.டி.ஜி.யின் கதிரியக்கம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் என்றாலும், வீடு திரும்பும் அன்று கைக்குழந்தையையோ கர்ப்பிணியையோ ஒட்டி உட்காராதீர்கள்.

இந்த ஸ்கேன் மூளைக்குப் போதாது. மூளை இயல்பாகவே சர்க்கரையை மிகுதியாக உண்பதால் அங்குப் பரவிய தொற்று மறைந்துவிடும். தலைவலியோ பேச்சுக் குழறலோ இருந்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று இதய மருத்துவரிடம் அன்றே கேளுங்கள்.