பழைய வீடு வாங்கிப் புதுப்பிக்கப் போகிறீர்களா? அட்வான்ஸுக்கு முன் தட்டிப் பார்க்க வேண்டியவை

மனை வாங்கிப் புதிதாகக் கட்டப் பணம் பற்றாது, அப்பார்ட்மென்டில் மனம் ஒட்டாது என்று இருப்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது முப்பது, நாற்பது வருடம் ஆன தனி வீட்டு வாசலில். "பெயின்ட் அடிச்சு டைல்ஸ் மாத்தினா போதும் சார்" என்பார் புரோக்கர். செலவில் பெயின்ட்டும் டைல்ஸும் சின்னப் பகுதிதான். அந்த வீட்டை வாங்கலாமா கூடாதா என்பதை மேல்தளமும் தரைமட்டமும் பத்திரமும் சொல்லிவிடும். இவற்றைப் பார்த்து முடிக்கும் வரை ஒரு ரூபாய்கூடக் கை மாறக் கூடாது.

தலைக்கு மேலே

ஒரு சிறு சுத்தியல், டார்ச், ஏணி எடுத்துக்கொண்டு போங்கள். காங்கிரீட் தளமாக இருந்தால் அடிப்பக்கத்தை அடிக்கு அடி லேசாகத் தட்டுங்கள். 'டங்' என்று கெட்டியாக ஒலித்தால் சரி. காலிப் பானையைத் தட்டியது போல 'பொத்' என்று கேட்டால் அந்த இடத்தில் பூச்சு மட்டும் விட்டிருக்கிறது, அல்லது உள்ளே கம்பி துருப்பிடித்து காங்கிரீட்டைத் தள்ளியிருக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். காங்கிரீட் பெயர்ந்து விழுவது அதனால்தான். கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக விரிசல் விட்டிருந்தால் காரணம் பெரும்பாலும் துருதான். பாத்ரூம் கூரை, சமையலறைக் கூரை, சன்ஷேடின் அடிப்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் பகுதி ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். கடலோரமாக இருந்தால் உப்புக்காற்று வேலையைச் சீக்கிரமே முடித்திருக்கும்.

ஹாலில் மட்டும் புதிதாக ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அதிலேயே பதில் இருக்கிறது.

சந்தேகம் வந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிப் போங்கள். காங்கிரீட்டை உடைக்காமலே அதன் தரம் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக் சோதனைகளோடு, புதிதாக உடைத்த காங்கிரீட் முகத்தில் பினாப்தலீன் கரைசல் தெளித்தும் பார்ப்பார். இளஞ்சிவப்பாக மாறும் இடத்தில் காங்கிரீட்டின் காரத்தன்மை இன்னும் இருக்கிறது, கம்பிக்குப் பாதுகாப்பு உண்டு. நிறமே மாறாத பகுதி கம்பி வரை இறங்கியிருந்தால் அந்தக் கம்பி இனி துருப்பிடிக்கும், இன்று நன்றாகத் தெரிந்தாலும்.

ரிப்பேர் செய்யும்போது நடக்கும் தவறு ஒன்றுதான்: தெரிகிற துருவின் மேல் சிமெண்ட் கலவை அப்பி, பட்டி போட்டு, பெயின்ட் அடித்துவிடுவது. இரண்டு மழைக்காலத்தில் அப்படியே விழும். முட்டுக் கொடுத்து, கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, ஒயர் பிரஷ்ஷால் துருவைச் சுத்தமாகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையோ மைக்ரோ காங்கிரீட்டோ நிரப்ப வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். எவ்வளவு என்பதை இன்ஜினியர் சொல்லட்டும், கொத்தனார் சொல்லக் கூடாது. தளத்தில் பெரும் பகுதி இந்த நிலையில் இருந்தால் ரிப்பேர் பேச்சே வேண்டாம். புதுத் தளம் அல்லது புது வீடு என்று கணக்குப் போடுங்கள்.

இதைவிடப் பழைய வீடுகளில் கட்டைகுத்துத் தளம் இருக்கும், மெட்ராஸ் டெரஸ் என்பதும் இதைத்தான். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவையும் செங்கல் ஜல்லியும் போட்டு, மேலே தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதித்திருப்பார்கள். ஒழுகவிடாமல் வைத்திருந்தால் நூறு வருடமும் தாங்கும். கட்டை கெடுவது நடுவில் அல்ல, சுவருக்குள் புதைந்த முனையில். சுவரை ஒட்டிய அரை அடியில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். முனை மெத்தென்று இறங்கினால் உளுத்துவிட்டது அல்லது கரையான். ஒழுகலுக்கு மருந்து என்று இதன் மேல் இரண்டு அங்குல சிமெண்ட் தளம் போடுவதுதான் மிகப் பெரிய தப்பு. ஆயிரம் சதுர அடிக்கு அது ஒன்பது டன்னுக்கு மேல் கூடுதல் பாரம். பழைய தட்டோட்டை எடுத்துவிட்டு, சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளை வைத்துத் திரும்பப் பதியுங்கள். அப்படிப்பட்ட ஆள் கிடைப்பது கடினம்தான், ஆனாலும் தேடுங்கள்.

தரைமட்டம்

பல ஊர்களில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது, வீடு பள்ளத்தில் நிற்கிறது. தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலால் சாலை நடுவையும் ஹால் தரையையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரை தாழ்ந்திருந்தால் மழைநீர் மட்டும் அல்ல, பாதாளச் சாக்கடையும் பாத்ரூம் வழியாக எதிர்த்து வரும். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கும் ஆட்கள் உண்டு. ஆனால் தூக்கிய பிறகு தரை, பாத்ரூம், குழாய், படிக்கட்டு எல்லாமே புதுச் செலவு என்பதை அவர்கள் சொல்லும் ரேட்டில் பார்க்க முடியாது. முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் வீடு பாருங்கள். சித்திரையில் எல்லா வீடும் காய்ந்துதான் இருக்கும். பக்கத்துப் பெட்டிக்கடையில் "தண்ணி எதுவரைக்கும் நிக்கும்?" என்று கேட்டால் முழங்காலா கணுக்காலா என்று கையால் காட்டிவிடுவார்கள்.

சுவர்

காங்கிரீட் தூண் இல்லாத வீட்டில் ஒன்பது அங்குலச் சுவர்தான் பாரம் தாங்குகிறது. ஹாலைப் பெரிதாக்க அதை இடிக்கலாம் என்று யார் சொன்னாலும் இன்ஜினியர் வரைபடம் இல்லாமல் ஒரு கல்லும் எடுக்காதீர்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் அஸ்திவார நகர்வைக் காட்டலாம். விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. களிமண் நிலத்தில் கோடையில் திறந்து மழையில் மூடும் விரிசல் சகஜம்.

தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை உப்புப் பூத்து பெயின்ட் உரிந்தால் அது நிலத்து ஈரம். டைல்ஸ் ஒட்டி மறைத்தால் ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறும்.

மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் அஸ்திவாரத்தை ஒட்டி ஒரு குழி தோண்டி, ஆழமும் அகலமும் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

ஒயரிங், குழாய் பற்றி அதிகம் யோசிக்க ஒன்றும் இல்லை, இரண்டையும் முழுவதும் மாற்றுவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஒயரிங்கில் பெரும்பாலும் எர்த் இருக்காது. லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீஸருக்கும் 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் ஸ்விட்ச்). பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை அறுத்துப் பார்த்தால் உள்ளே விரல்கூட நுழையாது.

பத்திரம்

வில்லங்கச் சான்று குறைந்தது 30 வருடத்துக்கு, தாய்ப் பத்திரம், பட்டா, புல வரைபடம் ஆகியவற்றை வக்கீலிடம் கொடுங்கள். பழைய வீட்டுக்கே உரிய சிக்கல்கள் வேறு. உரிமையாளர் இறந்திருந்தால் மகள்கள் உட்பட எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும். மைனர் பங்கு இருந்தால் கோர்ட் அனுமதி தேவையா என்று வக்கீலிடம் கேளுங்கள். பதிவாகாத உயில் வில்லங்கத்தில் வராது. அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள், ஜெராக்ஸ் போதாது. ஸ்ரீரங்கம் போன்ற கோயில் ஊர்களில் வீடு மட்டும் சொந்தம், அடிமனை கோயிலுடையது என்ற நிலை உண்டு. பழைய தெருக்களில் பொதுச்சுவர் யாருடையது என்று பத்திரத்தில் தேடுங்கள். புதுத் தளத்தின் கம்பி அந்தச் சுவரில்தான் உட்காரும். மனையை டேப் வைத்து அளந்து பத்திரத்தோடு ஒப்பிட மறக்காதீர்கள்.

பணம்

ஒரு உதாரணக் கணக்கு. மனை 1,200 சதுர அடி, ஏரியா விலை சதுர அடி 5,000 என்றால் மனை மட்டும் 60 லட்சம். விற்பவர் கட்டடத்துக்கு 15 லட்சம் சேர்த்து 75 கேட்கிறார். இன்ஜினியர் ரிப்பேர் மதிப்பு 12 லட்சம் என்கிறார். பழைய சுவரை உடைத்தால் என்ன கிடைக்கும் என்று தெரியாது, அதனால் இருபது சதவீதம் கூட்டி 14.4 லட்சம். அப்படியானால் அந்தக் கட்டடத்துக்கு ஏறக்குறைய விலையே இல்லை. 60-ஐ ஒட்டியே பேச்சை ஆரம்பிக்கலாம்.

60-க்கு முடிந்தாலும் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனில் வங்கி அதிகபட்சம் சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் தரும், அதுவும் பத்திரத்தில் காட்டும் விலைக்கு. உங்கள் கையிலிருந்து 12 லட்சம், முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் 9 சதவீதத்துக்கு 5.4, ரிப்பேர் 14.4, மொத்தம் 31.8 லட்சம். இதோடு வேலை முடியும் வரை வாடகையும் இஎம்ஐயும் சேர்ந்தே ஓடும். ரிப்பேருக்குத் தனிக் கடன் உண்டு. இன்ஜினியர் எஸ்டிமேட் கேட்பார்கள். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. கட்டடம் ரொம்பப் பழையது என்றால் வங்கி கடன் காலத்தையும் குறைக்கலாம், அதனால் அட்வான்ஸுக்கு முன்பே வங்கி இன்ஜினியரை வரவழைக்கப் பாருங்கள்.

ரிப்பேர் செலவு, அதே அளவு புது வீடு கட்டும் செலவில் அறுபது சதவீதத்தைத் தாண்டினால் இடித்துக் கட்டுவதே மேல் என்பது எங்கள் கணிப்பு. இடிக்கிறவர் தேக்கு நிலை, கதவு, கம்பிக்கு விலை கொடுப்பார். சும்மா தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

வேலை வரிசை

தளம், சுவர் பலப்படுத்தல் முதலில். அடுத்து மாடி நீர்க்கசிவுத் தடுப்பு. பிறகு சுவரில் காடி (பள்ளக்கோடு) வெட்டி ஒயரிங், குழாய். அதன் பின் பூச்சு, பாத்ரூம் வாட்டர்புரூஃபிங், தரை, மரவேலை, பெயின்ட். புதுப் பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் ஊற்றி, பிறகு மூன்று வாரமாவது காயவிட்டுப் பெயின்ட் அடியுங்கள். கரையான் மருந்து புதுத் தரை போடும் முன்: சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு ஊற்ற வேண்டும். மேஸ்திரியிடம் மொத்த ரேட் பேசாமல் இத்தனை சதுர அடி பூச்சு, இத்தனை பாயின்ட் ஒயரிங் என்று ஐட்டம் வாரியாக எழுதி வாங்குங்கள். பழைய வீட்டில் வேலை கூடிக்கொண்டேதான் போகும். ஐட்டம் ரேட் இருந்தால் கூடிய வேலைக்கு மட்டும் பணம் தருவீர்கள்.

மாடி வேலை முடிந்ததும் மழைநீர்க் குழாய் வாயை ஈரச் சாக்கால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து 48 மணி நேரம் விடுங்கள். ஆயிரம் சதுர அடிக்கு அது நாலரை டன்னுக்கு மேல், எனவே தளம் பலப்படுத்தாமல் இதைச் செய்யாதீர்கள். ஃபேன் கொக்கியைச் சுற்றியும் சுவர் ஓரத்திலும் கீழே இருந்து பாருங்கள். வெயிலில் கொஞ்சம் ஆவியாகும், அது சரி. கீழே ஈரம் தெரிந்தால் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். மேஸ்திரியின் கடைசி பத்து சதவீதப் பணம் அதுவரை உங்கள் கையிலேயே இருக்கட்டும்.