முகாம் அடுப்பில் வீட்டு பயோடீசல்: ஊற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

தாவர எண்ணெயை மெத்தனால் என்ற ஆல்கஹாலுடன் வினைபுரிய வைத்து வீட்டில் தயாரித்த பயோடீசல் பொன்னிறமாகத் தெளிந்திருப்பதால் மட்டுமே அது அடுப்புக்கு ஏற்றது என்று கொள்ள முடியாது. எஸ்டராக, அதாவது பயோடீசலாக, மாறாமல் எஞ்சிய எண்ணெயும், மெத்தனாலும், சோப்பும், நீரும் அந்தத் தெளிவுக்குள்ளேயே மறைந்திருக்கக்கூடும்.

முதலில், அறை வெப்பநிலையில் இருக்கும் 27 மில்லிலிட்டர் மெத்தனாலில் 3 மில்லிலிட்டர் பயோடீசலைக் கலந்து குலுக்கி, சில நிமிடங்கள் அசையாமல் வைக்க வேண்டும். நல்ல எரிபொருள் முழுமையாகக் கரைந்துவிடும்; அடியில் எண்ணெய்த் துளி தங்கினால் வினை முடியவில்லை என்று பொருள். மெத்தனால் நஞ்சு, அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது என்பதால், அருகில் எந்த நெருப்பும் இருக்கக் கூடாது. பாதி மட்டுமே மாறிய எண்ணெய்க் கூறுகளான கிளிசரைடுகளும் மெத்தனாலில் கரைந்துவிடுவதால் இந்தச் சோதனை அவற்றைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே, பயோடீசலையும் நீரையும் சம அளவில் ஒரு புட்டியில் ஊற்றிப் பத்து விநாடிகள் வலுவாகக் குலுக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் இரண்டும் தெளிவாகப் பிரியாமல் நடுவே பால் போன்ற படலம் நீடித்தால், அது சோப்பின் அல்லது அரைகுறை வினையின் அடையாளம்.

எனக்கு அதிகக் கவலை தருவது எஞ்சிய மெத்தனால்தான். தூய பயோடீசல் பற்றுவதற்கு 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற வேண்டும். சிறிதளவு மெத்தனால் இருந்தாலும் அந்த வரம்பு வெகுவாகக் கீழிறங்கி, அழுத்தத்தில் இயங்கும் அடுப்பு ஆபத்தானதாகிவிடும். அதனால் நீரில் கழுவி, உலர்த்தி முடிக்காத எரிபொருளை ஒருபோதும் அடுப்பில் ஊற்றக் கூடாது. உலர்ந்ததா என்பதை அறிய, திறந்தவெளியில் சிறிதளவை 100 டிகிரிக்குச் சற்று மேல் சூடாக்கிப் பார்க்கலாம். சடசடவென்று பொரிந்தால் நீர் மிச்சமிருக்கிறது.

மண்ணெண்ணெய் அல்லது டீசலில் இயங்கலாம் என்று தயாரிப்பாளர் அனுமதித்த பம்ப் ஸ்டவ்வில் மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும். பெட்ரோல் அடுப்புக்கு இது ஒவ்வாது. பயோடீசல் மண்ணெண்ணெயைவிடக் கெட்டியானது, ஆவியாவதற்கும் தாமதமாகும் என்பதால், பர்னரை வழக்கத்தைவிட அதிக நேரம் முன்சூடாக்க வேண்டும். அப்போதும் சுடர் மஞ்சளாகிப் புகைந்தால் அடுப்பை அணைத்துவிட வேண்டும். தொடர்ந்து எரித்தால் ஆவிக்குழாயிலும் நாசிலிலும் கரி அடைத்துக்கொள்ளும். என் மதிப்பீட்டில், ஒரு பங்கு பயோடீசலுக்கு நான்கு பங்கு மண்ணெண்ணெய் கலப்பதே முழு பயோடீசலைவிடப் புத்திசாலித்தனம். கூடாரத்துக்குள் எரிக்கவே கூடாது.

பித்தளை இந்த எரிபொருளை விரைவில் கெடச் செய்யும். சாதாரண ரப்பர் வாஷர்களும் இதில் ஊறித் தளர்ந்துவிடும். எனவே பயணம் முடிந்ததும் டாங்கைக் காலிசெய்து, சிறிது மண்ணெண்ணெயை எரித்து நாசிலைச் சுத்தமாக்க வேண்டும். துடைத்த துணிகளைக் குவித்துப் போட்டால் தாமாகவே தீப்பற்றக்கூடும் என்பதால், அவற்றைத் தண்ணீரில் நனைத்தே அப்புறப்படுத்த வேண்டும்.